மேஜரின் ஒருசந்தி

இயேசு மரி சூசை துணை

கோவில்பதாகை, ஆவடி
3.2.1989

அன்புத் தம்பி பிரகாசத்துக்கு அக்கா செலின் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் மாமாவும் சுகம். நீ மஸ்கட் போய்ச் சேர்ந்த கடிதம் முந்தாநாள் வந்தது. அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? நெஞ்சுச் சளி திரும்ப வரவில்லையே?

அப்பா அம்மா போன பிறகு உன்னைப் பிரிந்து நான் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் மேஜரின் நிலைமை அதைவிட மோசம். குட்டியாகச் சட்டைக்குள் வைத்து நீ கொண்டுவந்த நாளிலிருந்து உன் கைச் சோறு தின்ற நாய். இப்போது கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, நீ விமானம் ஏறிய மறுநாள் அதன் காது ஒன்று போண்டா மாதிரி உப்பிவிட்டது. அம்பத்தூரில் நாய் டாக்டர் பார்த்தசாரதியிடம் காட்டினோம். காது மடலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஊசி வைத்து இழுத்தார். அது மறுபடியும் நிரம்பிவிட்டது. காதுக்குள் புண்ணும் இருக்கிறதாம். கீறித் தைத்தால்தான் தீரும் என்கிறார்.

அடிபட்டாலும் இப்படி ஆகும், புண்ணுக்காகத் தலையை உதறி உதறியும் ஆகும் என்றார். பிறகு, "யாராவது அடிச்சீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். உன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் பார்த்துவிட்டேன்.

வருகிற புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. இந்த வருஷம் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஈஸ்டர் வரைக்கும் நம் வீட்டுக்குள் கறி, மீன், முட்டை எதுவும் நுழையாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன். கண் காணாத ஊரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதற்காகத்தான். உன் மாமா, கருவாடுகூடக் கிடையாதா என்று கேட்டார். கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு. ஜெபத்தை மறக்காதே.

உன் அக்கா
செலின்


மஸ்கட்
15.2.1989

அன்பு அக்காவுக்கும் ஆரோக்கியசாமி மாமாவுக்கும் பிரகாசத்தின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். சளி இல்லை. தண்ணீர் கொஞ்சம் உப்பு, பழகிவிட்டது. இங்கே இப்போது குளிர்காலம் என்பதால் ஏ.சி. ரிப்பேர் வேலை குறைவு. சும்மா உட்கார்ந்தால் வீட்டு ஞாபகம்தான்.

எனக்காக நீ அங்கே வாயைக் கட்டுகிறாய். இங்கே கேம்ப்பில் எனக்குத் தினமும் கோழி. மாதாவுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்களோ.

மேஜருக்கு எந்தக் காது? நீ எழுதவில்லை. ஆபரேஷன் ஆனதும் டாக்டர் கொடுக்கிற மருந்தை மட்டும் கொடு. நமக்குத் தலைவலிக்குப் போடுகிற மாத்திரையை யாராவது சொன்னார்கள் என்று அதற்குக் கொடுத்துவிடாதே. நாய்க்கு அது ஆகாது என்று அறையில் கூட இருப்பவர் சொன்னார். அவர் ஊரில் ஒரு நாய் அப்படிச் செத்திருக்கிறது.

மாமாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
பிரகாசம்


கோவில்பதாகை
26.2.1989

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது.

மேஜருக்கு மேஜர் ஆபரேஷன் முடிந்தது. காதைக் கீறி ரத்தத்தை எடுத்துவிட்டு, மெத்தை தைக்கிற மாதிரி இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார் டாக்டர். உள்ளே இருந்த புண்ணையும் சுத்தம் செய்தார். காதைத் தலையோடு சேர்த்துப் பெரிய கட்டு. முண்டாசு கட்டிய மேஸ்திரி தோற்றுப்போகவேண்டும். உன் மாமா அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லீவு சொல்லி, ஒரு டெம்போவில் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வலிக்கு ஒரு மாத்திரை, சீழ் பிடிக்காமலிருக்க ஒரு மாத்திரை. காலையும் மாலையும் சாப்பாட்டோடு தரவேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. ஈரல் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் விழுங்கிவிடும் என்றார் டாக்டர். நம் வீட்டு நேர்ச்சை அவருக்கு எப்படித் தெரியும்? நான் வெல்ல உருண்டைக்குள் வைத்துக் கொடுக்கிறேன். வாயில் வாங்கிக்கொண்டு மரியாதையாக எழுந்து தையல் மெஷின் பக்கம் போய்விடுகிறது. முரண்டு இல்லை, ஊளை இல்லை. இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு ஒரு தடவைகூட அழவில்லை.

கஞ்சி வைத்தால் இரண்டு நக்கு நக்கிவிட்டு விலகிக்கொள்கிறது. நாங்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறோமே, அதுவும் எங்களோடு சேர்ந்து ஒருசந்தி பிடிக்கிறது போல. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கோவில் சுரூபம் மாதிரி உட்காருகிறது. ஓரிடத்தில் படுப்பதும் கிடையாது. சிலுவைப் பாதையில் ஒவ்வொரு ஸ்தலமாக நின்று நகருவோமே, அப்படி இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வீட்டைச் சுற்றுகிறது. பக்கத்து வீட்டு ஜெயகுமாரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். இப்போது பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் மேஜரின் ஒருசந்தியைத்தான் விசாரிக்கிறார்கள்.

உன் மாமா மட்டும், "அது வலியில கீது செலின், டாக்டராண்ட இன்னொரு வாட்டி காட்டிடலாம்" என்றார். அடித்த கைக்கு இவ்வளவு கருணையா என்று கேட்க நாக்கு துடித்தது. யார் கை என்று நான் எழுதமாட்டேன், நீயே புரிந்துகொள்.

குளிர் என்கிறாய், கழுத்தை மூடிக்கொண்டு படு.

செலின்


மஸ்கட்
10.3.1989

அன்பு அக்காவுக்கு, நான் சுகம். நீயும் மாமாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

மேஜரின் ஒருசந்தியை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் படுக்கையில் உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. மேஜர் சாப்பாட்டை விடுகிற ஆள் இல்லையே அக்கா. காய்ச்சலில்கூடத் தட்டை நக்கி வெள்ளையாக்கும். மாமா சொன்னபடி ஒரு முறை டாக்டரிடம் காட்டு.

மாமாவை ஒன்றும் சொல்லாதே. அவர் அடித்திருக்கமாட்டார். அப்படியெல்லாம் நினைக்காதே.

எந்தக் காது என்று போன தடவையே கேட்டேன். இடதா, வலதா? தயவுசெய்து எழுது.

பிரகாசம்


கோவில்பதாகை
22.3.1989

தம்பிக்கு, சுகம், உன் சுகம் எழுது.

ஈஸ்டருக்குத் தைக்கவேண்டிய ஜாக்கெட் துணி மலையாகக் கிடக்கிறது. மெஷினை விட்டு எழ நேரமில்லை. குருத்து ஞாயிறு நல்லபடி முடிந்தது. வெயில் ஏறிவிட்டது.

மேஜர் சுகம். காது எதுவானால் என்ன, இரண்டும் அதனுடையதுதானே.

மற்றவை பிறகு.

அக்கா


கோவில்பதாகை
27.3.1989

அன்புத் தம்பி பிரகாசத்துக்கு ஈஸ்டர் வாழ்த்து. எல்லோரும் சுகம் என்றுதான் எழுதத் தொடங்குவேன். இன்று கை வரவில்லை. போன கடிதத்தில் மேஜர் சுகம் என்று எழுதினேனே, அது பொய். உன் பதில் வரும்வரை பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவினேன். தையல் மெஷினை நகர்த்தினால் பின்னால் ஒரே எறும்பு. விளக்குமாற்றால் இழுத்துப் பார்த்தேன். வெல்லம் கரைந்து, மாத்திரைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நான் வாயில் வைத்ததெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. வாங்கிக்கொண்டு மரியாதையாக நகர்ந்தது துப்புவதற்கு. அது ஒருசந்தி இருக்கவில்லை பிரகாசம். காதை அறுத்துத் தைத்த வலியை வெறும் வயிற்றோடு, ஒரு மாத்திரைகூட இல்லாமல் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். தையலுக்கடியில் சீழ். நாற்றம் தாங்கவில்லை. அது அழவே இல்லையே டாக்டர் என்றேன். அவர் கோபிக்கவில்லை, களைப்பாகப் பேசினார்.

"நாய் கத்தினாத்தான் வலின்னு நினைக்காதீங்கம்மா. தலையைச் சாய்க்கிறது, இடம் மாத்தி மாத்திப் படுக்கிறது, தின்னாம இருக்கிறது, அதெல்லாம்தான் அது அழறது. தாடையை அசைச்சா காதடி வலிக்கும், எப்படிச் சாப்பிடும்? அதுவா வந்து சொல்லாது. நீங்கதான் கேக்கணும்."

எப்படிக் கேட்பது என்று காட்டினார். காதுக்குக் கீழே கழுத்தோரம் உள்ளங்கையை மெதுவாக வைக்கவேண்டும். கையைப் பார்க்காமல் அதன் கண்ணைப் பார்க்கவேண்டும். கண் சுருங்கினால், மூச்சு நின்றால், வலி இருக்கிறது. நான் வைத்தேன். மேஜர் மூச்சை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தது.

அங்கிருந்து நேராகக் கறிக்கடைக்குப் போயிருக்கவேண்டும். நான் போகவில்லை. இன்னும் ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். நேர்ச்சையை உடைத்து உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாத்திரையைப் பாலில் கரைத்து வைத்தேன், தொடவில்லை. வாயைப் பிளந்து போடப் போனேன். அது என் கையைக் கவ்வியது. கடிக்கவில்லை, கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. அதற்கு அப்புறமும் நான் வியாழன்வரை தள்ளினேன். மேஜர் சுகம் என்று உனக்கு எழுதியது அந்த வாரத்தில்தான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளைக்கு நம் வீட்டில் இதுதான் கிடைத்தது.

பெரிய வெள்ளி அன்று கோவிலில் இயேசுவின் பாடுகளின் வாசகம் படித்தார்கள். ஒரு வேலைக்காரனின் காது வெட்டுப்படுகிற இடம் வந்தது. வருஷா வருஷம் கேட்பதுதான். அந்த ஆளுக்கு வலித்திருக்குமே என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை. சிலுவையை முத்தமிட எல்லோரும் வரிசையில் நிற்கும்போது நான் மட்டும் வெளியே வந்து மார்க்கெட்டுக்கு நடந்தேன்.

உஸ்மான் கனி பாய் கடை சாத்தப் போகிற நேரம். என்னைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாம்மா, இன்னிக்கு உங்காளுங்க இந்தப் பக்கம் தல காட்டமாட்டீங்களே. ஊட்ல யாருக்கு?" என்றார். நோயாளிக்கு என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. இருந்த ஈரலைச் சுற்றி, வழியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று இன்னும் ஒரு பேப்பரையும் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

பெரிய வெள்ளிச் சாயங்காலம் கோவில்பதாகையில் ஈரல் வெந்த ஒரே வேதக்கார வீடு நம் வீடுதான். ஜெயகுமாரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். உன் மாமா மேஜரின் தலையைத் தாங்கிப் பிடித்தார், நான் பிசைந்து ஊட்டினேன். முதல் தடவையாக மாத்திரை உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அது ஒரே இடத்தில் படுத்து, காலை நீட்டித் தூங்கியது. தூங்குகிற நாயைப் பார்த்து நான் அழுதேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதை அடித்தவர் உன் மாமாதான். செருப்பைக் கடித்தது என்று எத்தனை தடவை கையை ஓங்கியிருக்கிறார், உனக்கே தெரியும். டாக்டர் கேட்டபோது குனிந்த தலையை நான் மறக்கமாட்டேன். தவக்காலம் தொடங்கியதிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறேன், எடுக்கிறேன், அவ்வளவுதான். நான் செய்தது பாவம்தான். ஆனால் தொடக்கம் அவர் கையில் இருக்கிறது.

நேர்ச்சை உடைந்துவிட்டது. நீ சுகமாக இருக்கிறாயா? அதை மட்டும் உடனே எழுது.

செலின்


மஸ்கட்
18.4.1989

அக்காவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் தொடங்கிவிட்டதால் வேலை அதிகம். ஊருக்கெல்லாம் ஏ.சி. சரி செய்துவிட்டு வந்து எங்கள் அறையில் வியர்த்துக்கொண்டு படுக்கிறோம். நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுதுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தை அவசியம் சொல்லவும்.

பிரகாசம்


கோவில்பதாகை
2.5.1989

தம்பிக்கு, நீ சுகம் என்று எழுதிய ஒரு வரிக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மற்ற வரிகளுக்காக உன்மேல் கோபம். அவ்வளவு பெரிய கடிதம் எழுதினேன். மேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தக் காது என்று அத்தனை தடவை கேட்டவன் இப்போது அதையும் கேட்கவில்லை. என்மேல் வெறுப்பா? இருந்தால் திட்டி எழுது. இப்படிச் சும்மா இருக்காதே.

தையல் பிரித்தாகிவிட்டது. காது சுருங்கி வாடின வெற்றிலை மாதிரி இருக்கிறது, இனி நிமிராதாம். வலி குறைந்துவிட்டது. தினமும் காலையில் கையை வைத்துக் கேட்கிறேன். முதலில் கண் சுருங்கியது, பிறகு மூச்சு மட்டும் நின்றது, இப்போது கையிலேயே தலையைச் சாய்த்துக்கொள்கிறது. மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். குனிந்தால் காதுக்கு ரத்தம் இறங்கி வலிக்கும் என்பதால் கிண்ணத்தை உயரத்தில் வைக்கிறோம். அதற்கு இரும்புத் தகட்டில் ஒரு முக்காலி செய்து கொண்டுவந்தது உன் மாமாதான். காலால் காதைச் சொறியாமலிருக்க பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினதும் அவர்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

பதில் போடு.

செலின்


மஸ்கட்
15.5.1989

அன்பு அக்கா,

உன் கடைசி மூன்று கடிதங்களும் தலையணைக்கடியில் இருக்கின்றன. பலமுறை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். உன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை.

நான் கிளம்பின அன்று நீ வழிக்குத் தண்ணீர் பிடிக்க உள்ளே போயிருந்தாய். மேஜர் பின்னாலேயே வந்து என் பையின் வாரைக் கவ்விக்கொண்டது. இழுத்தேன், விடவில்லை. பை கிழிந்து பாஸ்போர்ட்டும் பேப்பரும் தெருச் சேற்றில் விழுந்தன. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அதன் முகத்தைப் பார்த்தால் நான் ஏறமாட்டேன் என்று எனக்குத் தெரியும் அக்கா. அது விட்டால் போதும் என்று கையை ஓங்கிக் காதோடு ஒன்று வைத்தேன். வாரை விட்டுவிட்டது. கத்தவில்லை. கத்தாததால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு டாக்சியில் ஏறிவிட்டேன்.

நான் அடித்தது இடது காது. அதனால்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ வலது என்று ஒரு தடவை எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மாமாவோடு நீ பேசவில்லை என்று படித்த பிறகும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் பார், அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. இந்தக் கடிதத்தை மாமாவிடம் காட்டு.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

உன் தம்பி
பிரகாசம்


கோவில்பதாகை
30.5.1989

அன்புத் தம்பி பிரகாசத்துக்கு அக்காவின் முத்தம். உன் மனசு சுகப்பட வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மெஷினில் உட்கார்ந்தபடி படித்தேன். சாயங்காலம் உன் மாமா வந்து சைக்கிளை நிறுத்தினார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். நான் அவரிடம் கேள்வி கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எதைத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.

"டாக்சி மேல பெட்டி கட்டிகினு இருந்தேன்ல. பார்த்தேன்" என்றார்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"ஊர விட்டுப் போன புள்ள. அவன் மேல நான் இன்னாத்த சொல்றது?" என்றார். உள்ளே போகக் காலை வைத்தவர் திரும்பிப் பார்த்து, "நீயும் எங்கிட்ட ஒரு வாட்டிகூடக் கேக்கலியே செலின்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். 

இடது காதுதான், பிரகாசம். வலது என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீயும் தூங்குவாய். ஆனால் மேஜர் சுகம் என்று ஒரு தடவை எழுதினது போதும். அடியாலா, உதறினதாலா என்று டாக்டருக்கே தெரியாது என்பதும் நிஜம். அதையும் சேர்த்தே வைத்துக்கொள். நானும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

லீவில் வரும்போது கேட்டைத் திறந்ததும் அது ஓடி வரும். அது உன்னை மறக்கவில்லை. உன் பழைய சட்டையின் மேல்தான் படுக்கிறது. மேலிருந்து கையைக் கொண்டுபோகாதே. யார் கை மேலிருந்து வந்தாலும் தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. உட்கார்ந்து, அதன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கீழிருந்து உள்ளங்கையைக் கொண்டுபோய் வை. வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறு.

இந்தத் தாளில் தானும் எழுதவேண்டும் என்று உன் மாமா கீழே இடம் விடச் சொல்கிறார். கடிதம் என்று அவர் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை.

உன் அக்கா
செலின்

மச்சான் பிரகாசத்துக்கு ஆரோக்கியசாமி எழுதிக்கிறது. நான் சொகம். நாயும் நல்லா கீது. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத, ஒடம்பப் பார்த்துக்கோ. உங்க அக்கா இப்ப எனக்கும் தெனம் முதுகுல கைய வெச்சு வலிக்குதான்னு கேக்குது. வலிக்கலன்னு சொன்னா நம்பமாட்டேங்குது.